ஸ்பிரிட் வாடை

வேலம்மாவின் மூக்குக்கு அந்த எஸ்டேட்டில் பாதி ஆண்கள் பயந்தார்கள். அவள் அப்பா சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தே செத்தவர். கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அந்த வாடையோடு வளர்ந்தவள் என்பதால், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் எவனாவது பாட்டில் மூடியைத் திறந்தால் பள்ளத்து லயத்தில் இருக்கிற அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பேச்சு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். தேயிலை மலையில் வேலை முடிந்தால் வேறென்ன இருக்கிறது, பேசிவிட்டுப் போகட்டும்.

அந்த மூக்கோடு குடித்தனம் நடத்தியவன் அவள் புருஷன் ஆண்டியப்பன், எஸ்டேட் தச்சன். கல்யாணமான புதிதில் அவனும் குடித்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே குடித்தான். மகள் ஜெயா பிறந்து மூச்சுவிட முடியாமல் கிடந்த அன்று இவன் சம்சு விற்கிறவன் வீட்டு வாசலில் கிடந்தான். பிள்ளை தேறியதும் வேலம்மா அவனை முனியாண்டி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், எரிகிற கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அன்றோடு விட்டான்.

அவன் விட்டுவிட்டான், அவள்தான் விடவில்லை. சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தால் வாசற்படியில் நிற்க வேண்டும். "ஊது" என்பாள். ஊதுவான். முகர்ந்து பார்த்து "ம், போ" என்ற பிறகுதான் உள்ளே போகலாம், டீ கிடைக்கும். ஜெயா வளர்ந்து பள்ளிக்கூட லோரியில் ரிங்லெட் டவுனுக்குப் போகத் தொடங்கிய பிறகும் இந்த ஊதல் நிற்கவில்லை. அவனும் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சில நாள் வேண்டுமென்றே பச்சை வெங்காயத்தைத் தின்றுவிட்டு வந்து ஊதி, அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பான்.

பாலிஷ் வேலை வரும்போதுதான் சங்கடம். மரச்சாமானுக்குப் பூசுகிற அரக்கைத் தண்ணீரில் போட்டால் அது ஆயுளுக்கும் கரையாது. ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் மறுநாள் தேன் நிறத்தில் கரைந்து நிற்கும். பஞ்சைத் துணியில் சுற்றி அதில் தொட்டு மரத்தில் தேய்க்கத் தேய்க்க, ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு மட்டும் மரத்தோடு ஒட்டிப் பளபளக்கும். அது பறக்கிற வேகத்தில் விரல் சில்லென்று ஆகும். எல்லாம் நல்ல குணம்தான், வாடை மட்டும் சாராயத்துக்குப் பங்காளி. அதனால் பாலிஷ் நாட்களில் ஆண்டியப்பன் பொதுக்குழாயில் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வீட்டுப் பக்கம் வருவான். "இது வேல வாட, வேலு" என்பான். "தெரியும், ஊது" என்பாள் அவள்.

எழுபத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில், துரை பங்களாவின் சாப்பாட்டு அறைக்குப் பாலிஷ் போடச் சொல்லி உத்தரவு வந்தது. கோலாலம்பூரிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் விருந்துக்கு வருகிறார்களாம். மேசை, நாற்காலி, அலமாரி, சுவரில் பாதி உயரத்துக்கு அடித்திருந்த பலகை, எல்லாவற்றையும் புதிதுபோல ஆக்க வேண்டும். துரைசாணிக்கு மரம் வெளிறிய நிறத்தில் இருந்தால்தான் பிடிக்கும். வழக்கமாக வாங்குகிற ஊதா ஸ்பிரிட்டை எஸ்டேட் ஸ்டோரில் வேண்டாம் என்றுவிட்டு, எங்கிருந்தோ ஒரு பெரிய டின்னில் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத ஸ்பிரிட்டை வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆண்டியப்பனுக்கு அது பிடித்துப்போயிற்று. அரக்கு சுத்தமாகக் கரைந்தது, மரத்தில் கறை விடவில்லை.

ஆனால் இந்த மலையில் பாலிஷ் போடுகிறவனுக்குப் பெரிய எதிரி பனிமூட்டம். ஸ்பிரிட் பறக்கும்போது மரம் குளிர்ந்துபோகும். அந்த நேரம் ஈரக்காற்று பட்டால் போட்ட பாலிஷ் முழுவதும் வெள்ளை பூத்துவிடும், மாவு தடவியது போல. முதல்நாள் அதுதான் நடந்தது. மத்தியானம் பள்ளத்திலிருந்து பனி ஏறி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்தது. மேசை வெளுத்துப்போயிற்று. துரைசாணி வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆண்டியப்பனுக்கு மானம் போய்விட்டது.

குளிர்காய்கிற அடுப்பை மூட்டி அறையைச் சூடாக்கலாம் என்றான் பங்களாச் சமையல்காரன். ஸ்பிரிட் இருக்கிற இடத்தில் நெருப்பா? அது பிடித்தால் பகலில் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது, சட்டை எரிந்த பிறகுதான் தெரியும். ஆண்டியப்பன் வேறு வழி செய்தான். எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினான். கதவிடுக்கில் கோணிச்சாக்கைச் சுருட்டி அடைத்தான். பனி நுழைய ஓர் இடுக்குக்கூட விடாமல், உள்ளே உட்கார்ந்து அந்த வாரம் முழுக்கத் தேய்த்தான். கையுறையாவது ஒன்றாவது. மணிக்கட்டு வரை நனைந்த வெறுங்கைதான்.

பாலிஷ் வெள்ளை பூக்கவில்லை. பார்த்தவர்கள் மேசையில் முகம் பார்க்கலாம் என்றார்கள். இடையில் ஒருநாள் ஆண்டியப்பன் வீட்டுக்கு வந்து தலை கனக்கிறது என்றான். வேலம்மா நெற்றியில் தைலத்தைத் தேய்த்துவிட்டு, "நேரத்துக்குத் தின்னாத்தான" என்று திட்டினாள்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அவன் குழாயடிக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தான். நேராக என்று சொல்லவும் முடியாது, வடிகாலில் ஒரு கால், பாதையில் ஒரு கால். கண் சிவந்திருந்தது. படிக்கு வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஊது" என்றாள் வேலம்மா.

ஊதினான். சட்டையில் வரும் வாடை அவளுக்குத் தெரியும், கையில் வரும் வாடை தெரியும். இது மூச்சிலேயே வந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து போட்ட நாள் கண்முன் வந்து நின்றது. அப்புறம் அவள் வாயை யாராலும் பிடிக்க முடியவில்லை.

"குடிச்சிட்டு வந்துட்டான்! முனியாண்டி மேல சத்தியம் பண்ணுன பாவி, குடிச்சிட்டு வந்து நிக்கிறான் பாருங்க! இத்தன வருசமும் என்னை ஏச்சிருக்கான்!"

"நான் குடிக்கல புள்ள" என்றான் ஆண்டியப்பன்.

"எம் மூக்கு பொய் சொல்லுமா? வாயத் தொறக்காத!"

"சத்தியமாக் குடிக்கல. தலைதான் சுத்துது."

"இன்னொரு சத்தியமா? எதுமேல பண்ணுவ? எந் தாலி மேலயா?"

லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த வீட்டு நவமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஆண்டியப்பன் பிடித்திருந்த கதவு நிலையை விட்டான். உள்ளே போய்ச் சுருண்டு படுத்தான். எழுந்து எழுந்து வாந்தி எடுத்தான். வேலம்மா ஒரு வாளியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டில் படுத்துக்கொண்டாள்.

விடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். ஜெயாவை லோரியில் ஏற்றிவிட்டு வேலம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போனாள். பெயர் கூப்பிடும்போது கங்காணி கேட்டார்: "தச்சன் எங்க?"

"குடிச்சு மபோக்காக் கெடக்கான்" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. களம் சிரித்தது. அவளுக்கு அது போதவில்லை. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்.

மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது, மழைக்காலத்தில் அபூர்வமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லயத்துக் கூரையெல்லாம் ஆவி விட்டது. ஆண்டியப்பன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலுவா? அந்த சன்னலச் சாத்து. பனி உள்ள வந்துருச்சு. பாலிஷ் வெளுத்துரும்."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. பலகை இடுக்கு வழியாக வெயில்தான் உள்ளே விழுந்திருந்தது. "இன்னும் தெளியலையா ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர்க் கிளாஸை நீட்டினாள். அவன் கை கிளாஸுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் வெறும் காற்றைப் பிடித்தது.

வேலம்மா அப்படியே நின்றாள். "என் கையில என்ன இருக்கு?"

"தெரியல புள்ள. ஒரே பனியா இருக்கு. வெள்ளையா."

மேடு ஏறி வந்தவன்போல அவனுக்கு மூச்சு இரைத்தது. வெயிலிலும் அவன் கண்மணி கறுகறுவென்று விரிந்து கிடந்தது. குடியில் அவள் பார்க்காத கூத்து இல்லை. உளறல், அழுகை, அடி, வாந்தி, எல்லாவற்றையும் அப்பாவிடம் பார்த்தவள். ஆனால் குடித்தவன் விடிந்தால் தெளிவான். இவன் விடியவிடிய மோசமாகியிருக்கிறான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

ஆபீஸுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் டிரெஸ்ஸர் காளியண்ணன் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அவர்தான் கதி. வேலம்மா ஓடிவந்து நின்றதும் சலித்துக்கொண்டார்.

"கள்ளச் சம்சு ஏதாச்சும் உள்ள போயிருக்கும். தண்ணிய நல்லாக் குடுத்துப் படுக்க வைம்மா."

"அவரு குடிக்கலைங்கய்யா."

"நீதானம்மா காலையில பெரட்டுல சொன்ன? எனக்கே சேதி வந்துருச்சுலா."

"சொன்னேங்கய்யா. தெரியாமச் சொல்லிட்டேன். கண்ணு தெரியலைங்கிறாரு, வீட்டுக்குள்ள பனியா இருக்குங்கிறாரு. பெரிய டாக்டருக்குப் போன் போடுங்க. போடாம நான் எங்கயும் போகமாட்டேன்."

கண் என்றதும் காளியண்ணன் முகம் மாறியது. ஆபீஸ் போனில் தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடித்தார். அங்கிருந்து கேட்ட கேள்விகளை அவர் திருப்பிக் கேட்க, வேலம்மா பதில் சொன்னாள். என்ன வேலை செய்தான்? என்ன ஸ்பிரிட்? ஊதாவா, நிறமில்லாததா? ஜன்னல் திறந்திருந்ததா? சாத்தியிருந்தது என்றாள்; பனி வராமல் இடுக்கெல்லாம் அடைத்துவிட்டதாக அவனே சொல்லியிருந்தான்.

காளியண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "அம்மா, அது சாராய ஸ்பிரிட் இல்ல போலருக்கு. மெத்தனால். பேருதான் ஸ்பிரிட்டு, வாடையும் அப்படித்தான், உள்ள போனா விஷம். குடிக்கணும்னுகூட இல்லையாம். அடைச்ச ரூமுல மூச்சு வழியாவே போகும், நனைஞ்ச கைத்தோல் வழியாவும் போகும். அன்னிக்கு லேசா மயக்கமாட்டம் இருக்கும். மறுநாள்தான் கண்ணப் புடிக்கும்."

"அப்ப அவரு குடிக்கல."

"குடிக்கலதான்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அது அவள் தலையில் கல்லாக விழுந்தது.

அதற்கு மேல் ஒன்று இருந்தது. மழையில் மண் சரிந்து ரிங்லெட்டுக்கு அப்பால் பாதை மூடிக் கிடக்கிறது, மண்வெட்டுகிற வண்டி வந்து வழி விடச் சாயங்காலமாகும், அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் வராது. அதுவரைக்கும் கொடுக்க டாக்டர் என்ன மருந்து சொன்னார் என்று அவள் டிரெஸ்ஸரிடம் கேட்டாள்.

"பிராந்தி."

"என்னது?"

"நல்ல கடைப் பிராந்தி. ஒடம்பு ரெண்டையும் கண்டா மொதல்ல சாராயத்ததான் செரிக்குமாம். அது முடியறவரைக்கும் இந்த மெத்தனால் விஷமா மாறாமக் காத்துக் கெடக்குமாம். நான் அளந்து தரேன். விடாமக் குடுக்கணும்."

பங்களாவுக்குப் போன் போயிற்று. துரை மறுபேச்சில்லாமல் ஒரு பாட்டிலை ஜீப்பில் அனுப்பினார். விருந்துக்கு வாங்கி வைத்த பாட்டில். ஜீப் லயத்துக்குள் வந்து நின்று, டிரைவர் பிராந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஆண்டியப்பன் வீட்டுக்குள் போனதை, வேலையில்லாத கண்கள் அத்தனையும் பார்த்தன.

காளியண்ணன் மருந்துக் கிளாஸில் ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுத்தார். வேலம்மா அதை வாங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் கை தொட்ட முதல் சாராயம் அது. உதட்டில் பட்டதும் ஆண்டியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது என்ன வாட?"

"மருந்து. குடி."

"பிராந்தி இது." பல்லைக் கடித்துக்கொண்டான். "கற்பூரத்து மேல கையடிச்சிருக்கேன். குடிக்கமாட்டேன்."

"பாவம் எனக்கு வரட்டும். வாயத் தொற."

"நான் குடிக்கலைன்னு நேத்தே சொன்னேன். நீ நம்பல."

"இப்ப நம்புறேன்யா."

"நம்புனா எதுக்கு ஊத்துற?"

காளியண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலம்மாவுக்கு டாக்டர் சொன்னது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உடம்பு எதை முதலில் செரிக்கும், எது காத்துக் கிடக்கும், எல்லாம் குழம்பிப்போயிற்று. அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ குடிக்கலைங்கிறதாலதான் ஊத்துறேன். குடிச்சிருந்தா ஊத்தமாட்டேன். ஒன் சத்தியம் ஒடையல. நான்தான் ஒடைக்கிறேன். வாயத் தொற, சாமி."

அவன் திறந்தான். சாயங்காலம் வரை அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவனுக்குக் குமட்டும்போதெல்லாம் நெஞ்சைத் தடவிவிட்டாள். பாதை திறந்து ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் நன்றாகவே போதையில் இருந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பிராந்தி வாடை அடிக்க அடிக்கப் போனதை லயமே பார்த்தது.

தானா ராத்தாவிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. கண் பார்வை திரும்பும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். ஓரம் மட்டும் திரும்பியது, நடு திரும்பவில்லை. வேலம்மா அங்கிருந்த டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்: "மொத நா சாயங்காலமே கொண்டாந்திருந்தா?" டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறுதியாகச் சொல்ல முடியாதம்மா என்றார். அவர் சொல்லாமல் விட்டது அவளுக்குப் புரிந்தது. வராந்தாவில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது எஸ்டேட்டில் கதை முடிந்து தீர்ப்பும் ஆகியிருந்தது. தச்சன் குடித்துக் கண்ணைத் தொலைத்துவிட்டான். டிரெஸ்ஸர் சொல்லியும் ஆபீஸிலும் அதே பேச்சு. கணக்கெழுதுகிற கிராணி மட்டும் இரக்கப்பட்டு, தொழிற்சாலையில் பெட்டிக்கு ஆணி எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னார். வேலம்மா குழாயடியில், பெரட்டில், கோயில் வாசலில் கண்டவரிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். மெத்தனால், மூச்சு, கைத்தோல் என்று டிரெஸ்ஸர் சொன்னதை மனப்பாடமாக ஒப்பித்தாள்.

"விடுக்கா" என்றாள் நவமணி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "புருசன விட்டுக்குடுக்க முடியுமா, எனக்குத் தெரியாதா? ஆனா அன்னிக்கு நீதான வாசல்ல நின்னு கத்துன. பாட்டிலு ஜீப்புல வந்தத நாங்க பாக்கலையா?"

வேலம்மா தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். சாட்சி சொன்னவளே அவள்தான்.

வெளியே அப்படி என்றால், வீட்டுக்குள் வேறு. ஆண்டியப்பன் அவளிடம் சண்டை போடவில்லை, குத்திக்காட்டவில்லை. ஆனால் முகம் கொடுக்கவில்லை. அவள் டீயைக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தால் அவன் தலை மெல்ல மறுபக்கம் திரும்பும். சுவரைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பான். அவள் எழுந்து சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தால், கதவைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். ஜெயாவிடம் பேசும்போதும் அப்படித்தான் என்பதை அவள் கவனிக்கவில்லை. தனக்கு வேண்டியதுதான் என்று இருந்தாள். ஆனால் எத்தனை நாள்தான் தாங்குவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெயா வெளியே விளையாடப் போயிருந்த நேரம், அவள் எதிரில் வந்து உட்கார, அவன் முகம் மறுபடியும் சுவருக்குப் போக, அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"திட்டிருய்யா. ரெண்டு அடியாச்சும் அடி. வாங்கிக்கறேன். இப்படி மூஞ்சியத் திருப்பித் திருப்பி என்னைக் கொல்லாத."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரு மூஞ்சியத் திருப்புனா?"

"இப்பக்கூடச் சொவத்தத்தான பாக்குற?"

"அட கிறுக்கி" என்றான் ஆண்டியப்பன். "நேராப் பாத்தா நடுவுல வெள்ளையா இருக்கு. பனி மாதிரி. ஒம் மூஞ்சி இருக்கற எடமே காணாமப் போயிருது. சொவத்தப் பாத்தாத்தான் ஓரத்துல நீ தெரியுற. நான் ஒன்னப் பாக்கத் திரும்புறப்பல்லாம் நீ எந்திரிச்சு எதுக்க வந்து உக்காந்துக்கிற. நான் மறுபடியும் திரும்ப வேண்டியிருக்கு."

வேலம்மாவுக்கு எழுந்து எங்காவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அசைந்தாள்.

"நவுராத. அங்கனயே இரு."

அவள் இருந்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி, ஓரக்கண்ணில் அவளைச் சரிசெய்துகொண்டு, வெகுநேரம் பார்த்தான்.

"என்ன, தோள் குலுங்குது? அழுவுறியா?" என்று கேட்டான். "அந்த அளவுக்கு எனக்குத் தெரியல."

"இல்ல" என்றாள் வேலம்மா.

அவன் நம்பிவிட்டான்.